பையைத் தூக்குகிறவர்

கோல்ஃப் விதிப்படி ஒருவருடைய பையில் 14 மட்டைகளுக்கு மேல் இருக்கக் கூடாது. குறைவாக எத்தனை இருந்தாலும் சரி. ஒரே ஒரு மட்டையை வைத்துக்கொண்டு 18 குழிகளையும் ஆடி முடிக்கலாம். யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் வார இறுதியில் மட்டும் ஆடுகிற எங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் 14ஐயும் நிரப்பிக்கொண்டுதான் வருகிறோம். உச்சவரம்பு என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் அதையே இலக்காக எடுத்துக்கொள்வது மனித இயல்பு. விமானத்தில் 23 கிலோ என்றால் நாம் 22.9 கிலோவுக்குப் பெட்டி கட்டுவதில்லையா, அதுபோலத்தான்.

இந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதலில் சிரிப்பு வருகிறது. தூரத்துக்கு அடிக்கும் பெரிய மட்டைக்குப் பெயர் டிரைவர். குழிக்குள் உருட்டிவிடும் மட்டைக்குப் பெயர் பட்டர். பையைச் சுமந்து கூடவே நடப்பவர் கேடி. ஒரு டிரைவர், ஒரு பட்டர், ஒரு கேடி என்று எழுதிப் பார்த்தால், கும்பாபிஷேகத்துக்குக் கிளம்பிய வேனில் வழியில் யாரோ ஏறிக்கொண்ட மாதிரி இருக்கிறது.

நான் 2004இல் முதுகலை படிக்க எடின்பரோவுக்கு வந்தேன். படிப்பு முடிந்ததும் வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் மென்பொருள் ஆலோசகனாக இங்கேயே தங்கிவிட்டேன். மாணவனாக இருந்தபோது நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து எடுத்த வீடு மார்ச்மாண்ட் பகுதியில் இருந்தது. அங்கிருந்து பல்கலைக்கழகத்துக்கு நடக்கும் வழியில் பிரன்ட்ஸ்ஃபீல்ட் லிங்க்ஸ் என்றொரு புல்வெளி. நாயோடு நடப்பவர்கள், குழந்தை வண்டி தள்ளுகிறவர்கள், புல்லில் படுத்துப் புத்தகம் படிக்கிறவர்கள், இவர்களுக்கு நடுவே சிறு குழிகளும் கொடிகளும். காசு கொடுக்க வேண்டாம். ஒரு மட்டையும் ஒரு பட்டரும் இருந்தால் போதும். வேலை முடிந்து சட்டையைக்கூட மாற்றாமல் வந்து ஆடிவிட்டுப் போவார்கள். கோல்ஃப் என்றால் பணக்காரர்கள் மதிலுக்குப் பின்னால் ஆடுவது என்ற எண்ணத்தோடு வந்தவனுக்கு இது வேறு விளையாட்டாகவே தெரிந்தது. 1457இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபையும் கால்பந்தையும் தடைசெய்து சட்டம் போட்டது, ஜனங்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டு இதிலேயே கிடந்தார்கள் என்பதற்காக. சட்டம் போட்டுத் தடுக்கவேண்டிய அளவுக்கு அது எல்லாருடைய ஆட்டமாகவும் இருந்திருக்கிறது.

இப்போது நாங்கள் நான்கு பேர் சனிக்கிழமை காலைகளில் பிரெய்ட் ஹில்ஸில் ஆடுகிறோம். 1889இல் நகர மக்களுக்காகத் திறந்த மைதானம். மேட்டில் நின்றால் கோட்டையும் கடலும் தெரியும். பந்தயம் கிடையாது, கோப்பை கிடையாது. தோற்றவர் காபி வாங்கித் தர வேண்டும், அவ்வளவுதான்.

நால்வரின் பைகளையும் திறந்து வைத்தால் நான்கு ஜாதகங்களைப் படித்த மாதிரி. ஒருவர் மலேசியத் தமிழர், மயக்க மருந்து நிபுணர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டிரைவரை மாற்றுவார். இன்னொருவர் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர், எங்களில் ஒரே ஸ்காட்லாந்துக்காரர். மெலிந்த பையில் ஏழே ஏழு மட்டைகள், எல்லாம் 30 வருடத்துக்கு முந்தியவை. மூன்றாமவர் லீத் வாக்கில் கடை வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணை, வயது 60ஐத் தாண்டிவிட்டது. தரும நிதிக்குப் பழைய சாமான் விற்கும் கடைகளில் ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் சேர்த்த மட்டைகள் அவருடையவை. ஒன்று மாதிரி ஒன்று இருக்காது, பையே ஐ.நா. சபை. நான் நடுவில்: மட்டைகள் புதியவை, பை பழையது.

நான் புது டிரைவர் வாங்கிய வாரம் அண்ணை அதைக் கையில் வாங்கி இரண்டு தரம் ஆட்டிப் பார்த்தார்.

“உந்தத் தடிக்கு எவ்வளவு குடுத்தனீர் தம்பி?”

“ஐந்நூறு பவுண்ட் அண்ணை.”

“ஊரிலை நல்ல கறவை மாடு ஒண்டு வரும். மாடெண்டால் பாலாவது தரும்.”

அண்ணைக்கு அது தடி. டாக்டருக்குக் கிளப். என் மாமாவுக்கு ஸ்டிக். மாமாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த 14 எங்கிருந்து வந்தது என்பது ஒரு சின்னக் கதை. ஒரு காலத்தில் மட்டைக் காம்புகள் எல்லாம் ஹிக்கரி மரத்தில் செய்தவை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வளைவு, தனித்தனிக் குணம். எண்கள் கிடையாது, க்ளீக், மாஷி, நிப்ளிக் என்று பெயர்கள்தான் இருந்தன. ஆட்டக்காரர் ஏழெட்டு மட்டைகளை வைத்துக்கொண்டு, ஒரே மட்டையில் முழு வீச்சு, முக்கால் வீச்சு, அரை வீச்சு என்று பிரித்து ஆடுவார். 1920களில் எஃகுக் காம்புக்கு அனுமதி கிடைத்தது: அமெரிக்காவில் 1924, பிரிட்டனில் 1929. எஃகில் எல்லாக் காம்பும் ஒரே மாதிரி வரும். அதனால் மட்டைகளை வரிசையாக எண் போட்டு, ஒரு தொகுப்பாக விற்க முடிந்தது. கையைக் கொண்டு செய்துவந்த வித்தியாசத்தை இனிக் காசு கொடுத்து வாங்கலாம். அரை வீச்சுக்குப் பதில் இன்னொரு மட்டை. 1930களில் பெரிய ஆட்டக்காரர்கள் 20, 25 மட்டைகளோடு வந்தார்கள். லாசன் லிட்டில் என்பவர் பையில் 31 வரை இருந்ததாகச் சொல்வார்கள். சுமந்தவர் யார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1938இல் அமெரிக்காவிலும் மறு வருடம் பிரிட்டனிலும் 14 என்று வரம்பு வைத்தார்கள்.

எண்ணிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. அயர்ன் மட்டைகளின் அடிப்பக்கத்தில் 4, 5, 6, 7 என்று பொறித்திருக்கும். எண் கூடக்கூட முகம் மேல்நோக்கிச் சாயும். பந்து உயரமாகப் போகும், தூரம் குறையும். நாற்பது ஐம்பது வருடங்களுக்கு முன் ஏழாம் எண் அயர்னின் சாய்வு 36 பாகைக்கு மேல் இருந்தது. இன்று வாரக்கடைசி ஆட்டக்காரர்களுக்கென்று விற்கும் பல தொகுப்புகளில் அதே ஏழாம் எண் 30 பாகை, சிலவற்றில் அதற்கும் கீழே. அதாவது பழைய ஐந்தாம் எண்ணின் உடம்பில் ஏழு என்று பொறித்திருக்கிறார்கள். கடையில் ரேடார் கருவிக்கு முன் நின்று அடித்துப் பார்த்தால், ஏழாம் எண்ணில் 15 கஜம் கூடுதலாகப் போகும். வாங்குகிறவர் முகம் மலரும்.

முழுக்கவும் ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. மட்டையின் எடையைக் கீழே இறக்கி வைத்திருப்பதால், சாய்வு குறைந்தாலும் பந்து உயரமாகவே எழும்புகிறது. பொறியியல் நிஜம்தான். எடையை நடுவிலிருந்து எடுத்து விளிம்புகளுக்குக் கொண்டுபோகும் யோசனையைப் பரப்பியவர் கார்ஸ்டன் சோல்ஹெய்ம், ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை பார்த்த பொறியாளர். 1959இல் வீட்டு கராஜில் ஒரு பட்டரைச் செய்தார். பந்தில் பட்டதும் ‘பிங்’ என்று ஒலித்ததால் அதையே பெயராக்கினார். எடை விளிம்பில் இருந்தால், பந்து நடுவில் படாமல் ஓரத்தில் பட்டாலும் மட்டை அவ்வளவாகத் திருகாது. விளம்பரங்களில் இந்தக் குணத்துக்கு மன்னிப்பு என்று பெயர். அதிகம் மன்னிக்கும் மட்டைக்கு அதிக விலை. தொடர் எண்களை ஒரு படி நகர்த்தினால் கடைசியில் இடைவெளி விழும். அந்த இடைவெளியை அடைக்க இன்னொரு மட்டை விற்கலாம். என் தொழிலில் இதை நான் தினமும் பார்க்கிறேன். பழைய மென்பொருளுக்குப் புதிய பதிப்பெண் கொடுப்பார்கள். அதனால் வரும் சிக்கலைத் தீர்க்கத் தனியாக ஒரு கருவி விற்பார்கள். இரண்டையும் இணைக்க என்னைப் போல் ஒருவனைக் கூப்பிடுவார்கள். அதில்தான் என் வீட்டு அடுப்பு எரிகிறது.

பந்தும் அப்படித்தான், ஆனால் அதில் நம்முடைய கதையும் கொஞ்சம் இருக்கிறது. 1848 வாக்கில் இறகு அடைத்த தோல் பந்துக்குப் பதிலாகக் கட்டாபெர்ச்சா பந்து வந்தது. மலாயாக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் அது. புதிதாக, வழவழவென்று இருந்தபோது அந்தப் பந்து சரியாகப் பறக்கவில்லை. அடிபட்டுத் தழும்பேறிய பிறகுதான் நேராகப் பறந்தது. இன்றைய பந்தில் இருக்கும் குழிகள் அந்தத் தழும்புகளின் வாரிசுகள். பிறகு ரப்பர் இழையைச் சுற்றிச் செய்த பந்து வந்தது. 1902இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்றவர் அதைக்கொண்டுதான் ஆடினார். பின்னாளில் மலாயாவின் ரப்பர் உலகச் சந்தையை நிறைத்தது. ஒருநாள் டாக்டரிடம் இதைச் சொன்னேன். விலையுயர்ந்த பந்து ஒன்றை முட்புதரில் தொலைத்துவிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். “எங்க தாத்தா பால்மரம் சீவினவரு லா. ஒரு நாள் கூலிக்கு இந்தப் பந்துல ஒண்ணு வாங்கியிருக்க முடியாது. நான் ஒரு காலையில மூணு தொலைக்கிறேன்” என்றார். அதற்குப் பிறகு புதரில் கொஞ்சம் அதிக நேரம் தேடினார்.

இனி மாமா.

என் அம்மாவின் தம்பி மலையூர் ஒன்றில் 45 வருடம் கேடியாக இருந்தார். பதினொரு வயதில் பையைத் தோளில் போட்டவர். வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. நம் ஊரில் கேடி என்றால் போலீஸ் ஸ்டேஷனில் படம் மாட்டியிருக்கும் ஆள். கல்யாண வீடுகளில் யாராவது கேட்டால் “தம்பி கிளப்புல வேலையா இருக்கான்” என்பார் அம்மா. என்ன வேலை என்று மறுபடி கேட்பதற்குள் பந்தி போட்டுவிட்டார்களா என்று பார்க்கப் போய்விடுவார். நானும் அவர் கணக்கு எழுதுகிறார் என்றுதான் பள்ளிக்கூட நாட்களில் நினைத்திருந்தேன். விவரம் தெரிந்தபோது நான் கல்லூரியில் இருந்தேன். அப்போதும் அதைப் பற்றிப் பேசுகிற வழக்கம் வரவில்லை.

நான் கோல்ஃப் ஆடுகிற சேதி அம்மா வழியாகப் போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா போன் செய்தார்.

“மாப்ள, நீ கோல்ஃப் ஆடுறியாமே? அக்கா சொல்லுச்சு.”

“சும்மா மாமா, வாரத்துல ஒருநாள்.”

“செவன் அயர்ன் எம்புட்டுப் போகுது?”

யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. வீட்டார் எல்லோரும் விலையைத்தான் கேட்டிருக்கிறார்கள். “நூத்தறுபது கஜம் மாமா” என்றேன்.

“பத்து அடிச்சா எத்தன நூத்தறுபது போகும்?”

“ரெண்டு மூணு போகும்.”

“அப்ப நூத்து நாப்பத்தஞ்சுன்னு வச்சுக்க. நல்லா பட்டது எம்புட்டுப் போகும்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சாதாரணமா பட்டது எங்க விழுந்துச்சுன்னு தூக்குறவனுக்குத்தான் தெரியும்.”

அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினார். துரைமார் மாதிரி உடுத்தி வரும் பெரிய மனிதர்கள் ஏழாம் நம்பர் கேட்பார்களாம். ஆறு வேண்டும் என்று இவருக்குத் தெரியும். சொன்னால் கோபம் வரும். அதனால் ஆறை உருவி, மட்டையின் தலையைத் துணியால் துடைத்துக்கொண்டே கொடுப்பாராம், எண் தெரியாதபடி. பந்து கொடிக்குப் பக்கத்தில் போய் விழும். “பாத்தியா, செவன்ல போட்டேன்!” “ஆமா சார், செவன்தான் சார்.” இதைச் சொல்லிவிட்டு மாமா சிரித்த சிரிப்பை அதற்கு முன் நான் கேட்டதில்லை. பல வருடங்களுக்குப் பிறகு மட்டை செய்கிறவர்கள் ஆறிலோ ஐந்திலோ ஏழு என்று பொறித்து விற்பார்கள் என்பதை அவரிடம் சொன்னேன். “அதத்தானே நாங்க ஓசில செஞ்சுக்கிட்டு இருந்தோம்” என்றார்.

“நீங்க ஆடியிருக்கீங்களா மாமா?”

“திங்கக்கெழம லீவு. அன்னிக்கு எங்களுக்குள்ள ஆடுவோம். நாலு பேருக்கு மூணு ஸ்டிக்கு. ஒருத்தன் அடிச்சுட்டு அடுத்தவன்ட்ட குடுக்கணும்.”

இதற்கிடையே இங்கே அண்ணைக்கு இதயத்தில் பைபாஸ் செய்தார்கள். ஐந்து மாதம் கழித்து, மருத்துவர் நடக்கச் சொன்னார் என்று மைதானத்துக்கு வந்தார். முழுப் பை என்பது சின்ன எடை அல்ல. டிரைவர் 300 கிராமுக்குச் சற்று மேல், அயர்ன் ஒவ்வொன்றும் 400 கிராமுக்கு மேல், பட்டர் அரைக் கிலோ. பை, பந்துகள், தண்ணீர், மழைக்கோட்டு எல்லாம் சேர்ந்தால் பத்துக் கிலோவைத் தாண்டும். அதைத் தூக்கிக்கொண்டு மேடும் பள்ளமுமாக எட்டு, பத்துக் கிலோமீட்டர். பையை நான் தூக்கிக்கொள்கிறேன் என்று கைநீட்டினேன்.

“வேண்டாம் தம்பி. இந்த நாட்டுக்கு வந்து முதல் நாலு வருஷம் ஹோட்டலொண்டிலை மற்றாக்களின்ரை பெட்டி தூக்கினனான். தூக்கிறவனுக்கு எப்பிடி இருக்குமெண்டு எனக்குத் தெரியும். என்ரையை ஒருத்தரும் தூக்கப்படாது.”

தள்ளுவண்டியும் வேண்டாம் என்றுவிட்டார். அடுத்த சனிக்கிழமை கையில் நான்கே நான்கு மட்டைகளோடு வந்தார்: ஒரு ஐந்தாம் எண் வுட், ஓர் ஏழாம் எண் அயர்ன், ஒரு சாண்ட் வெட்ஜ், பட்டர். பைகூட இல்லை, நான்கையும் ஒரு ரப்பர் பட்டையால் கட்டியிருந்தார். பஸ் ஓட்டுநர் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கடுத்த வாரம் அவர் பையில் நான்குதான் இருந்தன. பிறகு நான். டாக்டர் ஒரு மாதம் தாக்குப்பிடித்தார்.

அந்தக் கோடை முழுவதும் அப்படி ஆடினோம். எங்கள் எண்ணிக்கையில் பெரிய மாற்றம் இல்லை. சில நாள் இரண்டு கூடும், சில நாள் மூன்று குறையும். மாறியது வேறு. 120 கஜத்துக்குப் பையில் ஒரு மட்டை இருக்கும்போது அதை எடுத்து முழுதாக வீசினால் முடிந்தது. அது இல்லாதபோது ஏழாம் எண்ணைக் கீழே இறக்கிப் பிடிக்க வேண்டும், வீச்சைக் குறைக்க வேண்டும், காற்று எப்படி, தரை ஈரமா என்று பார்க்க வேண்டும். பந்துக்கு முன் நின்று எந்த மட்டை என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் எப்படி அடிப்பது என்று கேட்க ஆரம்பித்தோம். ஒருவர் அடிப்பதை மற்ற மூவரும் உண்மையாகவே கவனித்தோம். “இதை என்ன செய்யப் போகிறான்?” என்ற ஆவல் வந்துவிட்டது.

2023 ஜூலையில் அம்மாவும் மாமாவும் ஆறு வாரம் தங்க வந்தார்கள். மாமாவை எங்கே கூட்டிப்போவது என்று நான் யோசிக்கவே இல்லை. எடின்பரோவுக்குக் கிழக்கே மஸல்பரோவில் பழைய கோல்ஃப் மைதானம் இருக்கிறது. ஒன்பது குழிகள். 1874க்கும் 1889க்கும் இடையில் ஆறு முறை பிரிட்டிஷ் ஓப்பன் நடந்த இடம். இப்போது குதிரைப் பந்தய மைதானத்துக்கு நடுவே அகப்பட்டிருக்கிறது. கொஞ்சம் கட்டணம் கொடுத்து யார் வேண்டுமானாலும் ஆடலாம். கேட்டால் ஹிக்கரி மட்டைகளை வாடகைக்குத் தருவார்கள். நான் பொறியியல் படித்தது கிண்டியில். அங்கேயும் பந்தய மைதானத்துக்கு நடுவே ஒரு கோல்ஃப் மைதானம், மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பினுடையது, இருந்தது. நாலு வருடம் மின்சார ரயிலில் அந்தப் பக்கமாகப் போய்வந்தும் உள்ளே அப்படியொன்று இருப்பது எனக்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும். “மெட்ராஸ்ல குதிரைக்கு நடுவுல ஆடுவாங்கன்னு நம்ம ஆளுங்க சொல்லுவாங்க” என்றார்.

மாமாவுக்குக் காட்டவேண்டும் என்பதற்காக அன்று 14 மட்டைகளையும் கொண்டுபோயிருந்தேன். அண்ணையும் வந்திருந்தார். காரிலிருந்து பையை இறக்கி வைத்துவிட்டுச் சீட்டு வாங்கப் போய்த் திரும்பினால், பை மாமாவின் தோளில் இருந்தது. பட்டையை நெஞ்சுக்குக் குறுக்காகப் போட்டு, மட்டைத் தலைகள் சத்தம் போடாதபடி ஒரு கையால் அணைத்துக்கொண்டு நின்றார். 68 வயது. முழங்கால் வலி உள்ளவர். சுற்றிலும் ஆட்கள்.

“மாமா, கொடுங்க.”

அண்ணை எனக்கு முன்னால் போய்விட்டார். “அண்ணை, உதை இறக்குங்கோ. நீங்கள் தூக்கிறதோ? வடிவில்லை.”

மாமாவுக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். “ஏங்க, நான் என்ன களவா எடுத்துட்டேன்?” என்றார். குரலில் கோபம் இல்லை. “தூக்கிப் பாக்காம உள்ள என்ன இருக்குன்னு எப்படித் தெரியும்?”

இருபது அடி நடந்தார். நின்றார். பையைப் புல்லில் சாய்த்தார். மட்டைகளை ஒவ்வொன்றாக உருவ ஆரம்பித்தார். எண்ணைப் பார்க்கவில்லை, முகத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துச் சாய்வைப் பார்த்தார். கைப்பிடியில் என் விரல்கள் எங்கே தேய்த்திருக்கின்றன என்று தடவிப் பார்த்தார். “இத நீ எடுக்கிறதே இல்ல. இதுவும் அதுவும் ஒண்ணுதான். இத எடுக்கிற, ஆனா பயந்துக்கிட்டு எடுக்கிற.” ஏழு மட்டைகளைத் தனியே வைத்தார். “மூணு கிலோ சும்மா கெடக்கு மாப்ள.”

அண்ணை அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை. பட்டை போட்ட தோளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சுமை என்றால் ஹோட்டல் படிக்கட்டு. அம்மாவுக்குக் கல்யாண வீட்டுக் கேள்வி. மாமாவுக்கு அது கைவந்த தொழில். எங்கள் கூச்சத்தை எடுத்து அவர் தோளில் வைக்க நாங்கள் முயன்றுகொண்டிருந்தோம். அவர் அதை வாங்கிக்கொள்ளவில்லை.

ஹிக்கரி மட்டைகளை வாடகைக்கு எடுத்து மாமாவிடம் கொடுத்தேன். எண்களே இல்லாத மட்டைகள். அவருக்குச் சிரமமே இல்லை. மாஷியை எடுத்து, “இது நம்ம அஞ்சு, ஆறு” என்றார். முதல் அடி தரையைக் கொத்தியது. இரண்டாவது அடியில் பந்து தாழ்வாகக் கிளம்பி, காற்றுக்குக் கீழே ஓடி, கொடிக்கு இருபது அடியில் நின்றது. அவர் மட்டையைத் துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார். மூன்று ஸ்டிக் நாலு பேர் பழக்கம். அப்புறம் நினைவு வந்து, சிரித்துக்கொண்டு தானே வைத்துக்கொண்டார்.

நடந்துகொண்டே பாப் ஃபெர்குசனைப் பற்றிச் சொன்னேன். மஸல்பரோக்காரர், இதே மைதானத்தில் சின்ன வயதில் கேடியாக இருந்தவர். 1880, 81, 82 என்று தொடர்ந்து மூன்று முறை ஓப்பனை வென்றார். அதில் முதலாவது இங்கேயே நடந்தது. பிறகு டைஃபாய்டு வந்து ஆட்டம் போயிற்று.

“அப்புறம் என்ன செஞ்சாரு?”

“இந்த மைதானத்தப் பாத்துக்கிட்டாரு மாமா. திரும்பக் கேடியாவும் போனாரு.”

“மூணு தடவ ஜெயிச்சுட்டா?”

“ஆமா.”

மாமா கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். “அவருகிட்ட ஸ்டிக்கு வாங்கி ஆடுனவன் குடுத்து வச்சவன்” என்றார்.

ஒன்பதாவது குழி முடிந்ததும் மதிப்பெண் அட்டையை நீட்டினேன். ஆயிரக்கணக்கான அட்டைகளைப் பார்த்தவர் அவர். அதில் இரண்டு இடம் உண்டு: ஆட்டக்காரர் பெயர், கணக்கு வைத்தவர் கையெழுத்து. பேனாவை வைத்துக்கொண்டு எந்த இடத்தில் எழுதுவது என்று என்னைப் பார்த்தார். மேல் இடத்தைக் காட்டினேன். தமிழில், இனிஷியலோடு, நிறுத்தி எழுதினார். பிறகு கீழ் இடத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் 52, நான் 49. “அந்த மொத அடியையும் சேத்துட்டியா?” என்று கேட்டு, நான் தலையசைத்த பிறகுதான் அட்டையைப் பைக்குள் வைத்தார்.

இப்போது என் பையில் மாமா விட்டுவைத்த ஏழுதான் இருக்கின்றன. மற்றவை கராஜில். அண்ணை எட்டுக்கு ஏறிவிட்டார், மருத்துவர் அனுமதித்த பிறகு. டாக்டர் இந்த வசந்தத்தில் மறுபடி புது டிரைவர் வாங்கினார், நன்றாகத்தான் போகிறது. சனிக்கிழமை நாங்கள் ஆடத் தொடங்கும் நேரம் ஊரில் மாமா சாப்பிட்டு முடித்திருப்பார். குழப்பமான இடத்தில் பந்து கிடந்தால் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். “காத்து எங்கிட்டு?” என்று கேட்டு வரும். சொன்னால், ஒரே ஓர் எண் வரும். போட்டி ஆட்டத்தில் வெளியாளிடம் ஆலோசனை கேட்டால் தண்டம் உண்டு. கேடியிடம் கேட்கலாம். “உம்மடை கேடி தூரத்திலை நிக்கிறார், அவ்வளவுதான்” என்று அண்ணை தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

போன தை மாதம் ஊரில் ஒரு கல்யாணம். நான் போக முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் மாமாவைக் காட்டி, இவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். “என் தம்பி நாப்பத்தஞ்சு வருஷம் கேடியா இருந்தான்” என்று அம்மா சொன்னாராம். கேட்டவர் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாராம். அம்மா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பந்தி போட்டு முடிகிற வரைக்கும், கேடி என்றால் என்ன என்று விளக்கினாராம்.